ஊசி தேவைப்படாத தின்பண்டம்

ஏப்ரல் 28, செவ்வாய்

இந்த நோட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்தது. என் மகள் சுபிக்ஷாவின் சர்க்கரை அளவை நாளுக்கு நான்கு தடவை குறித்து வைக்கச் சொன்னார்கள். முன்பக்கத்திலிருந்து அவளுடைய எண்கள் வருகின்றன. பின்பக்கத்திலிருந்து இன்றுமுதல் நான் எழுதுகிறேன். இந்த விஷயத்தை வேறு யாரிடமும் பேச வழியில்லை.

காலையில் கலாமணி நங்கையா திருப்பூரிலிருந்து போன் செய்தார். என் வீட்டுக்காரருடைய அக்கா, எனக்கு நங்கையா முறை.

"கோதை, பசங்களுக்கு லீவு உட்டாச்சு. நவ்யா பத்தாவது பரிச்சை முடிச்சுட்டு ஊட்டுலயே சுத்திட்டிருக்கா. ஞாயித்துக்கெழம தீம் பார்க் போயிட்டு வந்தர்லாம். அஞ்சு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டேன். நாங்க சனிக்கெழமயே அங்க வந்தர்றோம்."

"சரிங்க நங்கையா" என்றேன். மறுப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். இருக்கிற ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது.

பிப்ரவரியில் சுபி இருபது நாளில் ஆறு கிலோ இளைத்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டைப் ஒன் சர்க்கரை என்றார்கள். இனி ஆயுளுக்கும் இன்சுலின் ஊசி. பதிமூன்று வயது. இது எனக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும். நான் வேலை பார்க்கும் பள்ளியில்தான் அவளும் படிக்கிறாள். மதிய ஊசியை லேபுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் போட்டுக்கொள்வாள். சயின்ஸ் டீச்சர் என்பதால் சாவி என்னிடம் இருக்கிறது. அந்த ஒரு விதத்தில் வசதி.

இவரிடம் தீம் பார்க் விஷயத்தைச் சொன்னேன்.

"அக்காகிட்டச் சொல்லிப்போடலாமே கோதை. அவ என்ன வேத்தாளா?"

"பொண்ணுப் புள்ளைங்க. நாளைக்கு நாலு எடத்துல பேச்சு வரும்போது?"

"அவளுக்குப் பதிமூணு வயசுதான் ஆவுது."

அதற்குமேல் இவர் பேசவில்லை. இவர் எப்போதுமே அதற்குமேல் பேசுவதில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். மாவுச்சத்து உடம்பில் போனால்தான் ஊசி வேண்டும். மாவுச்சத்து இல்லாத தின்பண்டமாகக் கையோடு கொண்டுபோய்விட்டால் காலை ஊசிக்குப் பிறகு வீடு திரும்பும்வரை ஊசியை வெளியில் எடுக்கவே வேண்டாம். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

மிளகு போட்டு வறுத்த பனீர், அவித்த முட்டை, தேங்காய்ச் சில்லு, வெள்ளரிப்பிஞ்சு, கொஞ்சம் வேர்க்கடலை.

இன்று சாயங்காலம் பனீரைக் கொடுத்துச் சோதித்தேன். சாப்பிடும் முன் 128. இரண்டு மணி நேரம் கழித்து 133. ஏறவே இல்லை. பரிசு வாங்கியதுபோல இருந்தது எனக்கு.

சுபி கேட்டாள்: "அங்க வந்தும் முட்டைதானாம்மா?"

"ஒரு நாள்தானே கண்ணு."

"ஐஸ்கிரீம் சாப்பிடலாம்னு டாக்டர் சொன்னாரே. ஊசியக் கொஞ்சம் கூட்டிப் போட்டுட்டு."

"எங்க வெச்சுப் போடறது?"

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். வயதுக்கு மீறிய பக்குவம் அவளுக்கு.

மே 2, சனி

கலாமணி நங்கையாவும் நவ்யாவும் வந்துவிட்டார்கள். முட்டை எட்டு, பனீர் கால் கிலோ தயார். ஃப்ரிட்ஜில் இருக்கும் இன்சுலினை வெண்டைக்காய்க் கவருக்குள் வைத்திருக்கிறேன்.

மே 3, ஞாயிறு

வீட்டுக்கு வந்து அரைமணி ஆகிறது. விருந்தாளிகள் இருவரும் திருப்பூர் கிளம்பிவிட்டார்கள். சுபி தூங்குகிறாள். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலை ஏழரைக்குக் குளியலறையில் வைத்து ஊசி போட்டேன். எப்போதும்போல நான்கு இட்லிக்கான அளவு. கார் வந்துவிட்டது என்று நங்கையா அவசரப்படுத்தியதில் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டாள்.

பார்க் வாசலில் பையைத் திறந்து பார்த்தார்கள். செக்யூரிட்டி ஒரு பெண். என் டப்பாவை வெளியே எடுத்தாள்.

"வெளிச் சாப்பாடு உள்ள உடறதில்லீங்க. கைக்குழந்தைக்குன்னா உடுவோம். இல்ல, யாருக்காச்சும் ஒடம்புக்கு ஏதாச்சும் இருந்து டாக்டர் லெட்டர் இருந்தா காட்டுங்க, எடுத்துட்டுப் போலாம்."

நங்கையா சிரித்தார். "நம்மள்ள யாரு சீக்காளி? வெச்சுட்டு வா கோதை. உள்ள இல்லாத தீனியா?"

டாக்டர் கடிதம் கைப்பையில்தான் இருந்தது. டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

பிறகு ஒரு மணி நேரம் நான் தின்பண்டம் தேடி அலைந்தேன். பிள்ளைகள் இருவரும் அலைக்குளத்திலும் சறுக்குக் குழாயிலும் இருந்தார்கள். கடைகள் வரிசையாக இருந்தன. பாப்கார்ன். ஸ்வீட் கார்ன். பஞ்சுமிட்டாய். உருளைக்கிழங்கைச் சுருளாகச் சீவிக் குச்சியில் குத்தி வறுத்தது. சமோசா, பானிபூரி, ஐஸ்கிரீம். மாவு, கிழங்கு, சர்க்கரை. வேறொன்றும் இல்லை. கடைசியில் பிரெட் ஆம்லெட் கடை ஒன்று.

"தம்பி, பிரெட் இல்லாம ஒண்ணு குடுங்க."

"பிரெட் ஆம்லெட்ல பிரெட் இல்லாமயாங்க்கா?"

"ஆமா."

"வெலை அதேதானுங்."

"பரவால்ல."

"பிரெட்டைத் தனியாக் கட்டித் தரட்டுங்களா?"

"வேண்டாங்க."

பின்னால் நங்கையா நின்றிருந்தார். "என்ன கோதை, புள்ளைக்கு வெறும் முட்டையக் குடுக்கற? வளர்ற புள்ள. நானும் பாக்கறேன், காலைல இருந்து ஒரு மிட்டாய் வாங்கித் தர உடமாட்டேங்கற."

"தொண்டைல புண்ணுங்க நங்கையா. டாக்டர் இனிப்பு வேண்டாம்னு சொல்லியிருக்கார்."

"இனிப்பு வேண்டாஞ் செரி. பிரெட்டுமா தொண்டையக் குத்துது?"

சிரித்து மழுப்பினேன். சுபி நனைந்த உடையோடு வந்து பாதி ஆம்லெட் சாப்பிட்டுவிட்டு மறுபடி தண்ணீருக்கு ஓடினாள்.

பதினொன்றரை வாக்கில் அவளுக்கு மயக்கம் வந்துவிட்டது. வெயில் கடுமை. குளுக்கோஸ் பாக்கெட் லாக்கரில் மாட்டிக்கொண்டது. நவ்யா தன் கையில் இருந்த மாம்பழ ஜூஸைக் கொடுத்தாள். இரண்டு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. முதலுதவி அறையில் கொஞ்ச நேரம் படுக்கவைத்தோம். மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் திரும்பிவிட்டோம்.

யார்மீதும் தப்பில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள்.

மே 4, திங்கள்

காலை 212. மதியம் 187. நேற்றைய ஜூஸினாலும் பயத்தினாலும் இருக்கும். சுபி பேசவில்லை.

மே 5, செவ்வாய்

இன்றும் பேசவில்லை. கேட்டால் பதில் வருகிறது. தானாக ஒரு வார்த்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். சில விஷயங்கள் விட்டுப்போயிருக்கின்றன.

ஜூஸைக் கொடுத்தபோது நவ்யா சத்தமாகச் சொன்னாள்: "அம்மா, அவளுக்கு சுகர் எறங்கிருச்சு! அக்கட்டால தள்ளுங்க!" நங்கையா திகைத்து என்னைப் பார்த்தார். நவ்யா அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சுபியின் தலையைத் தன் தோளில் சாய்த்து, ஒவ்வொரு மடக்காகக் குடிக்கவைத்தாள். "முழுங்கு. சரி. இன்னொண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஜூஸ் முடிந்ததும் தன் பாக்கெட்டிலிருந்து இரண்டு சாக்லேட்டை எடுத்தாள். தண்ணீரில் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்தாள்.

பிற்பாடு முதலுதவி அறையில் அவளிடம் கேட்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மார்ச்லயே சுபி சொன்னா அத்தை. எறங்கிருச்சுன்னா என்ன செய்யணும்னும் சொல்லி வெச்சிருந்தா."

"ஏன் தெரியாத மாதிரியே இருந்த?"

"உங்களுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவீங்க, சொல்லாதேன்னு சொன்னா."

பதினைந்து வயதுப் பெண் கவரில் சுற்றிய சாக்லேட்டோடு குளத்தில் இறங்கியிருக்கிறாள். நான் பிரெட் இல்லாத பிரெட் ஆம்லெட் தேடிக்கொண்டிருந்தேன்.

காரில் திரும்பும்போது நங்கையா என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ ஒண்ணும் பயப்படாத கோதை. இது என்னோட போவட்டும். எங்கம்மா காதுக்குக்கூடப் போவாது. பொண்ணுப் புள்ள. நாலு பேருக்குத் தெரிஞ்சா நாலு விதமாப் பேசுவாங்க. வெளிய காட்டாம மூடியே வெச்சுக்கலாம். நவ்யாகிட்டயும் சொல்லி வெக்கறேன்."

அன்பாகத்தான் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையும் நான் மூன்று மாதமாக இவரிடம் சொல்லிவந்த வார்த்தை. என் வாயில் இருந்தபோது அது அக்கறை போல இருந்தது. இன்னொருத்தர் வாயிலிருந்து வந்தபோது, என் பிள்ளையை ஏதோ தப்புக் காரியம் செய்தவளைப்போல மூடி மறைக்கப் பேசுகிறார்களே என்று தோன்றியது. ஆனாலும் "சரிங்க நங்கையா" என்றுதான் சொன்னேன்.

எங்களுக்குப் பின்னால் கடைசி சீட்டில் சுபி நவ்யாவின் மடியில் கண்மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துத்தான் நாங்கள் பேசினோம். திரும்பிப் பார்த்தேன். மூடிய இமைக்குள் விழி அசைந்துகொண்டிருந்தது.

மே 6, புதன்

அரிசி வந்தது. கேஸ் சொல்ல வேண்டும். காலை 119.

மே 9, சனி

உண்மையை எழுதுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. அதிலும் பொய் எழுதியிருக்கிறேன்.

குளுக்கோஸ் பாக்கெட் லாக்கரில் இல்லை. என் கைப்பையில் இருந்தது. கைப்பை என் தோளில் இருந்தது.

இரண்டு நிமிஷத்தில் சரியானது என்பதும் பொய்.

சுபி தண்ணீரிலிருந்து ஏறி என்னிடம்தான் நேராக வந்தாள். உதடு வெளுத்திருந்தது. "அம்மா, கை நடுங்குது" என்றாள். ரொம்பத் தாழ்ந்த குரலில், என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். அப்படிப் பேச நான்தான் பழக்கியிருக்கிறேன். எனக்கு உடனே புரிந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் இதைத்தான் நடித்தே காட்டியிருந்தாள்: நடுக்கம், வியர்வை, பேச்சுக் குழறல். அந்த நிமிஷமே சர்க்கரை கொடுக்க வேண்டும், யோசிக்கவே கூடாது என்று சொன்னாள்.

நங்கையா இரண்டடி தள்ளி நின்றிருந்தார். சுற்றிலும் நூறு பேர். அந்தப் பாக்கெட்டின்மேல் குளுக்கோஸ் என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். தொண்டைப் புண் என்று அரைமணி முன்னால்தான் சொல்லியிருந்தேன்.

"ஒண்ணுமில்ல, வெயிலு. வா, பாத்ரூம் போயிட்டு வரலாம்" என்றேன்.

பெண்கள் கழிவறை குளத்துக்கு அந்தக் கோடியில். அவளை நடத்திக் கூட்டிப்போனேன். பாதி வழியில் "அம்மா, நடக்க முடியல" என்றாள். "இதோ வந்திருச்சு கண்ணு" என்றேன். அங்கே வரிசை நின்றது. வரிசையில் நின்றேன். இரும்புக் கம்பியைப் பிடித்தபடி அவளும் நின்றாள். எனக்கு முன்னால் ஆறு பேர். ஐந்து பேர். அவளுடைய முழங்கால் ஆடுவதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். ஏதோ உளறினாள். எனக்குப் புரியவில்லை. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, முன்னால் நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு பேர்.

அப்புறம் கம்பியோடு சறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எங்களைத் தேடிக்கொண்டு நவ்யா ஓடி வந்தது அப்போதுதான். கையில் ஜூஸ் இருந்தது. பின்னால் நங்கையா.

பத்து நிமிஷம் இருக்கும். அதற்கு மேலும் இருக்கலாம். முதலுதவி அறையில் பார்த்தபோது, ஜூஸும் சாக்லேட்டும் உள்ளே போன பிறகும் 58 தான் காட்டியது. அதற்கு முன்னால் எவ்வளவு இருந்ததோ. சாப்பாட்டுக்கு இடம் பிடிக்கப் போயிருந்த இவர் திரும்பி வந்து, "கைப்பையில குளுக்கோஸ் வெச்சிருந்தியே?" என்று கேட்டார். "லாக்கர்ல மாட்டிக்கிச்சு" என்றேன். கைப்பை என் மடியில் இருந்தது. இவர் அதைப் பார்த்தார். அதற்குமேல் பேசவில்லை.

இன்னும் ஒன்று. ஓடியாடுகிற நாளில் காலை ஊசியைக் குறைத்துப் போட வேண்டும், நடுவில் இரண்டு பிஸ்கட்டாவது வாழைப்பழமாவது கொடுக்க வேண்டும் என்று அந்த நர்ஸ் என்னிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எனக்கு மறக்கவில்லை. அன்று முழுக்க என் பிள்ளைக்குத் தேவைப்பட்டது மாவுச்சத்து. நான் பார்க் பூரா அலைந்து அதை மட்டும் அவளிடமிருந்து விலக்கினேன்.

எட்டாம் வகுப்புக்குக் கணையம் பாடம் நடத்துகிறவள் நான். படம் வரைந்து பாகம் குறிப்பேன்.

மே 10, ஞாயிறு

சுபி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சுபி, அம்மாவ மன்னிச்சிரு."

"எதுக்கும்மா?"

வரிசையில் நின்றதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"அன்னிக்கு ஊசி அளவக் கொறைக்காமப் போட்டுட்டேன்ல. அதுக்கு."

அவள் "ஓ, அதுக்கா" என்றாள். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மே 21, வியாழன்

நவ்யாவுக்கு ரிசல்ட். நல்ல மார்க். நங்கையா போனில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி "அது எப்படி இருக்குது?" என்று கேட்டார். "எது?" என்று கேட்க நினைத்தேன். "நல்லாருக்குதுங்க" என்றேன்.

ஜூன் 7, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. சுபி ஒன்பதாம் வகுப்பு. நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

"நாளைல இருந்து நான் லேபுக்கு வர்ல."

"அப்புறம் ஊசி?"

"கிளாஸ்லயே போட்டுக்கறேன்."

"எல்லாரும் பாப்பாங்க சுபி."

"ம்."

சரி என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்காக அவள் காத்திருந்தாள் என்பதுகூட எனக்குத் தெரிந்தது. பசை டப்பாவை மூடிவிட்டுச் சமையலறைக்குள் போனேன்.

ஜூன் 8, திங்கள்

மதிய மணி அடித்ததும் லேபுக்குப் பின்னறையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். வரமாட்டாள் என்று தெரியும். ஆனாலும் நின்றேன். ஐந்து நிமிஷம் கழித்துப் பூட்டிவிட்டு மாடி ஏறினேன்.

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் ஜன்னலோரம் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். முழுக்கப் பெண்பிள்ளைகள் பள்ளி. சுபி மூன்றாவது பெஞ்சில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தாள். தக்காளிச் சாதம், நான் கட்டிக் கொடுத்ததுதான். அவளைச் சுற்றி மூன்று பெண்கள். ஊசிப் பேனாவில் அளவைத் திருகி அவர்களுக்குக் காட்டினாள். ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். ஒருத்தி கிட்டே வந்து பார்த்தாள்.

"வலிக்குமாடி?"

"சில நாள் வலிக்கும். சில நாள் தெரியவே தெரியாது. குத்திட்டுப் பத்து எண்ணற வரைக்கும் எடுக்கக் கூடாது."

"அப்ப நாங்க எண்றோம்."

மேல்சட்டை ஓரத்தைத் தூக்கி வயிற்றில் குத்திக்கொண்டாள். மூன்று பேரும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். வாய்ப்பாடு சொல்வதுபோல ராகமாக.

"என்ன டீச்சர், ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டு நிக்கறீங்க?" பின்னால் பர்வீன் டீச்சர். தமிழ் எடுப்பவர். அவரும் எட்டிப் பார்த்தார். "அட, நம்ம சுபிக்ஷா. என்ன பண்றா அவ?"

சத்து ஊசி. அலர்ஜிக்கு. இரும்புச்சத்துக் குறைவு. மூன்று பதில்கள் அதற்குள் நாக்கில் வந்து நின்றுவிட்டன. நான்கு மாதப் பழக்கம். அவற்றைத் தாண்டி நான்காவதைச் சொன்னேன்.

"என்னங்க டீச்சர்? கேக்கல" என்றார் அவர்.

வராந்தாவில் சத்தம் இருந்தது உண்மைதான். ஆனால் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. உதடுதான் அசைந்திருக்கும். காது சுட்டது. இப்போதும் "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடலாம். யாருக்கும் எதுவும் ஆகிவிடாது.

"எம்பொண்ணுக்கு சர்க்கரை இருக்குதுங்க டீச்சர்" என்றேன். "பிப்ரவரியில இருந்து. இன்சுலின் போட்டுக்கறா."

இந்தத் தடவை வகுப்புக்குள்ளும் கேட்டுவிட்டது. ஏழோடு எண்ணிக்கை நின்றது. மூன்று பெண்களும் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். சுபியும் பார்த்தாள். பேனா வயிற்றிலேயே இருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. நான் சுவரை விட்டு விலகி ஜன்னலுக்கு நேராக வந்து நின்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, நின்றுபோன இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

"எட்டு."